விழுப்புரத்தில் ஒரு சிப், திண்டிவனத்தில் ஒரு சிப்

விழுப்புரம் சந்திப்பிலிருந்து திண்டிவனம் வரை ரயில் பாதையில் ஏறக்குறைய 37 கிலோமீட்டர். பாசஞ்சர் வண்டி முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நின்று நின்று போகும். கண்ணாடி இழைக்குள் ஓடும் ஒளிக்கு அதே தூரத்தைக் கடக்க 185 மைக்ரோநொடி போதும். ஒரு நொடியை ஐயாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுகூட ஆகாது. இந்த இரண்டு ஊரிலும் இருக்கும் இரண்டு சாதாரணக் கணினிகளைப் பேசவைப்பது இன்று யாரும் வியக்கிற காரியமில்லை. தாலுகா அலுவலகத்துக்கும் மாவட்டத் தலைநகருக்கும் நடுவே நாள் முழுக்க அதுதான் நடக்கிறது.

அந்த இரண்டும் மீக்கடத்திச் சிப்பில் ஓடும் குவாண்டம் கணினிகளாக இருந்தால்? உலகத்தில் இன்றைக்கு எந்த ஆய்வகத்தாலும் முடியாது. 37 கிலோமீட்டரை விடுங்கள். ஒரே குளிர்கலனுக்குள், ஒரு கை தூரத்தில் இருக்கும் இரண்டு சிப்புகளைப் பிழை குறைவாக இணைப்பதற்கே பல ஆண்டு உழைப்பு போயிருக்கிறது. அந்தத் துறையின் பெரிய வெற்றிகள் இன்னும் மீட்டர் கணக்கில்தான் இருக்கின்றன.

இத்தனை பாடு எதற்கு, ஒரே பெரிய சிப்பாகச் செய்துவிடலாமே என்று தோன்றும். தோன்றியவர்கள் முயன்றும் பார்த்தார்கள். 2023 டிசம்பரில் ஐபிஎம் நிறுவனம் 1,121 க்யூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) கொண்ட 'காண்டார்' சிப்பை அறிவித்தது. அதற்குப் பிறகு அந்த நிறுவனம் சிப்பைப் பெரிதாக்கும் போட்டியை விட்டுவிட்டு, எண்ணிக்கை குறைந்த, தரம் கூடிய 'ஹெரான்' சிப்புகளின் பக்கம் திரும்பியது. காரணம் எளிய பெருக்கல் கணக்கு. ஒரு க்யூபிட் பழுதில்லாமல் வார்க்கப்பட 99.9 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு க்யூபிட் உள்ள சிப் முழுசாகத் தேறும் வாய்ப்பு 90 சதவீதம். ஆயிரம் க்யூபிட் உள்ள சிப் தேறும் வாய்ப்பு 37 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. பத்தாயிரம் என்றால் இருபதாயிரம் சிப் வார்த்தாலும் ஒன்று தேறுவது நிச்சயமில்லை. நூறு நூறாகச் செய்து, சோதித்து, பழுதானதைத் தள்ளிவிட்டு, நல்லதை மட்டும் எடுத்துச் சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் சேர்க்கத் தெரிய வேண்டும்.

தேவையோ பெரிது. இன்று வங்கிப் பரிமாற்றங்களைக் காக்கும் 2,048 பிட் ஆர்எஸ்ஏ பூட்டை உடைக்க இரண்டு கோடி க்யூபிட் வேண்டும் என்று 2019-ல் ஒரு மதிப்பீடு வந்தது. அதை எழுதியவர்களில் ஒருவரான கூகுளின் கிரெய்க் கிட்னி, 2025-ல் அந்த எண்ணைப் பத்து லட்சத்துக்குக் கீழே இறக்கினார். இறக்கிய பிறகும் அது இன்றைய சிப்புகளைப்போலப் பல நூறு மடங்கு. ஒவ்வொரு க்யூபிட்டுக்கும் கட்டுப்பாட்டு வயர் வேறு போக வேண்டும். ஒரு குளிர்கலனின் வாய்க்குள் எத்தனை வயர்தான் நுழையும்?

இந்தச் சிப்புக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். நம் வீட்டுப் பாத்திரத்தில் இருக்கும் அதே அலுமினியம்தான். 1.2 கெல்வினுக்குக் கீழே குளிர்ந்ததும் அது மின்தடையை அடியோடு இழந்து மீக்கடத்தி ஆகிவிடும். இரண்டு அலுமினியப் படலங்களுக்கு நடுவே சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு ஒரு மெல்லிய சவ்வாக இருக்கும். இதற்கு ஜோசப்சன் சந்தி என்று பெயர். கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்த பிரையன் ஜோசப்சன் 1962-ல், 22 வயதில், இதன் நடத்தையைக் கணக்கிட்டுச் சொன்னார். இந்தச் சந்தியோடு ஒரு மின்தேக்கியைச் சேர்த்தால், கோடானுகோடி எலக்ட்ரான்கள் ஓடும் அந்தச் சுற்று ஒரே ஓர் அணுவைப்போல நடக்கிறது. அதற்கென்று குறிப்பிட்ட ஆற்றல் படிகள் உண்டு, இடையில் எதுவும் இல்லை. இதை 1980-களின் நடுவில் பெர்க்லியில் சோதித்துக் காட்டிய ஜான் கிளார்க், மிஷெல் தெவோரே, ஜான் மார்ட்டினிஸ் மூவருக்கும்தான் 2025-ன் இயற்பியல் நோபல் பரிசு. கீழ்ப்படியை 0 என்றும் மேற்படியை 1 என்றும் வைத்துக்கொண்டால் அது க்யூபிட். இரண்டு படியிலும் ஒரே சமயத்தில், வெவ்வேறு எடையில், இருக்க அதனால் முடியும்.

ஒரு படியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது க்யூபிட் உமிழ்வதும் விழுங்குவதும் 5 கிகாஹெர்ட்ஸ் சுமாரில் துடிக்கும் ஒரு நுண்ணலை ஃபோட்டான். வைஃபை பெட்டி அனுப்புவதும் இதே வரிசை அலைதான். வைஃபை அதைக் கோடிக்கணக்கில் வாரி இறைக்கிறது. இங்கே ஒன்றே ஒன்று. அந்த ஒன்று தொலைந்தால் தகவலும் தொலைந்தது. நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்றால், தெரியாத குவாண்டம் நிலை ஒன்றை நகலெடுக்கவே முடியாது என்று 1982-ல் வூட்டர்ஸும் ஸூரெக்கும் ஒரு பக்கமும், டீக்ஸ் இன்னொரு பக்கமும் நிறுவிவிட்டார்கள். இணையத்தில் ஒரு செய்தித் துண்டு வழியில் காணாமல் போனால் அனுப்பியவரே திரும்ப அனுப்புவார். இங்கே அனுப்பியவரிடம் மிச்சம் எதுவும் இருக்காது.

அந்த ஒற்றை ஃபோட்டானுக்கு முதல் எதிரி வெப்பம். நாம் உட்கார்ந்திருக்கும் அறையின் வெப்பநிலையில் இருக்கும் எந்தக் கேபிளிலும், இதே அலைவரிசையில், வெப்பத்தால் தானாகப் பிறந்த ஃபோட்டான்கள் ஆயிரத்துக்கும் மேல் எப்போதும் திரிந்துகொண்டிருக்கும். அந்தக் கூட்டத்தில் நம்முடையதை எப்படி அடையாளம் காண்பது? ஆகவே கேபிளையும் குளிரவைக்க வேண்டும். ஹீலியத்தின் இரண்டு ஐசோடோப்புகளைக் கலந்து இயங்கும் குளிர்கலனில் 20 மில்லிகெல்வினுக்குக் கொண்டுபோனால், அந்த வெப்பக் கூட்டம் சராசரியாக லட்சத்துக்கு ஒன்று என்ற அளவுக்கும் கீழே அடங்கிவிடுகிறது. விண்வெளியின் வெற்றிடம்கூட 2.7 கெல்வின், அதைவிட நூறு மடங்குக்கு மேல் குளிர்.

இரண்டாவது சிக்கல்தான் எனக்குப் பிடித்தது. க்யூபிட் தன் ஃபோட்டானைத் தானாக விடும்போது, அலை சட்டென்று எழுந்து மெல்ல மெல்லத் தேய்கிறது. எதிர்முனையில் இருக்கும், எல்லா வகையிலும் அதேபோன்ற சுற்று இந்த வடிவத்தை முழுதாக விழுங்காது. சுற்றை மாற்றாமல் அப்படியே வைத்தால் 54 சதவீதத்துக்கு மேல் உள்ளே போகாது என்று கணிதம் சொல்கிறது. மீதி திரும்பி வந்துவிடும். முழுதாக விழுங்கப்பட வேண்டுமானால், வந்து சேரும் அலை, புறப்படும் அலையைக் காலத்தில் பின்னோக்கி ஓட்டினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்க வேண்டும். முன்னும் பின்னும் ஒன்றுபோல இருக்கும் வடிவமாக, மெல்ல எழுந்து மெல்ல அடங்குவதாக, ஃபோட்டானை வார்த்து அனுப்பிவிட்டால் போதும் என்று 1997-ல் சிராக், ஸோலர், கிம்பிள், மபூச்சி நால்வரும் காட்டினார்கள். இன்றைய ஆய்வகங்களில், சிப்புக்கும் கேபிளுக்கும் நடுவிலான பிணைப்பின் இறுக்கத்தை நானோநொடிக் கணக்கில் கூட்டிக் குறைத்து இதைச் செய்கிறார்கள். ஒற்றை ஃபோட்டானுக்கு உருவம் செதுக்குகிறார்கள் என்பது அலங்காரப் பேச்சில்லை, தினசரி வேலை.

சூரிக் நகரின் ஈடிஎச் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியாஸ் வால்ராஃப் குழு இதை வைத்துச் செய்த காரியம் நம்ப முடியாதது. 2020-ல் இரண்டு தனித்தனிக் குளிர்கலன்களை 5 மீட்டர் குளிர்க் குழாயால் இணைத்தார்கள். அடுத்து 30 மீட்டர். கட்டடத்தின் அடித்தளத் தாழ்வாரம் முழுக்க நீளும் குழாய். அதன் நடுவே அலுமினியத்தால் ஆன அலைவழி. அதைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாகச் செம்புக் கவசங்கள். முழுக் கருவியிலும் 1.3 டன் செம்பு, 14,000 திருகுகள். 30 மீட்டர் ஏன்? ஒளி அந்தத் தூரத்தைக் கடக்க எடுக்கும் நூறு நானோநொடிச் சொச்சத்துக்குள் இரண்டு முனையிலும் அளந்து முடித்துவிட வேண்டும். அப்போதுதான் ஒரு முனை இன்னொன்றுக்கு ரகசியமாகச் சேதி சொல்லிவிட்டது என்று யாரும் குறை சொல்ல முடியாது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட முறை அளந்தார்கள். இயற்கை நம் அன்றாட அறிவுப்படி நடந்தால், பெல் சோதனை என்ற இந்தச் சோதனையின் எண் 2-ஐத் தாண்டக் கூடாது. வந்தது 2.0747. இரண்டு சிப்புகளும் குவாண்டம் பின்னலில், அதாவது தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாத ஒரே கூட்டு நிலையில், இருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2023 மே மாதம் 'நேச்சர்' இதழில் வெளியானது.

இப்போது விழுப்புரத்துக்கு வருவோம். இதே கருவியை 37 கிலோமீட்டருக்கு நீட்டினால் 1,600 டன் செம்பும் ஒரு கோடியே எழுபது லட்சம் திருகுகளும் வேண்டும். மயிலம் பக்கம் சித்திரை வெயிலில் அந்தக் குழாயின் உட்புறத்தை விண்வெளியைவிடக் குளிராக வைத்திருக்க வேண்டும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளை நினைத்தாலே போதும், திட்டத்தை மூடிவிடலாம்.

குறுகிய தூரத்தில்தான் நடைமுறைப் பயன் கைக்கு எட்டுகிறது. ஒரே குளிர்கலனுக்குள் பல சிப்புகள், நடுவே சின்னக் கேபிள்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கிளீலண்ட் குழு 2021-ல், மும்மூன்று க்யூபிட் கொண்ட இரண்டு முனைகளை ஒரு மீட்டர் மீக்கடத்திக் கேபிளால் இணைத்து, ஆறு க்யூபிட்டையும் ஒரே பின்னலில் கொண்டுவந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிலை மாறியபோது துல்லியம் 91 சதவீதம். இத்தகைய இணைப்புகளில் இழப்புக்குக் குற்றவாளி பெரும்பாலும் கேபிள் அல்ல, அது சிப்போடு சேரும் இடம். கேபிளும் சிப்பும் தொடும் இடத்தில் துளி மின்தடை இருந்தாலும் ஃபோட்டான் அங்கே வெப்பமாகிப் போய்விடும். எனவே கேபிளை முடியைவிட மெல்லிய கம்பிகளால் நேராகச் சிப்போடு ஒட்டவைத்தார்கள். சீனாவின் ஷென்சென் நகரக் குழு ஒன்று சுத்த அலுமினியக் கேபிளைக் கொண்டு 2023-ல் ஐந்து சிப்புகளை இணைத்துத் துல்லியத்தை 99 சதவீதத்துக்கு ஏற்றியது.

ஒட்டவைத்தால் கழற்ற முடியாதே! ஒரு சிப் கெட்டால் முழுவதும் வீண் என்றால், பிரித்துச் செய்ததன் பயன் பாதி போய்விடுகிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வுல்ஃப்காங் ஃபாஃப் குழு 2025-ல் கையில் எடுத்தது இந்தக் கேள்வியைத்தான். கேபிளைக் கழற்றி மாட்டலாம், சிப்பை மாற்றலாம். அப்படியும் நிலைமாற்றத்தில் இழப்பு ஒரு சதவீத அளவில் நிற்கிறது. இந்தத் துறையில் சமீபத்தில் வந்தவற்றில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். பெல் சோதனை போலப் பரபரப்பு இல்லைதான். ஆனால் பழுதானதைக் கழற்றி நல்லதை மாட்ட முடிகிறபோதுதான் ஒரு கருவி ஆய்வகத்தைத் தாண்டித் தொழிற்சாலைக்குப் போகிறது.

ஐபிஎம்மும் 2024 நவம்பரில் இரண்டு ஹெரான் சிப்புகளை ஒரு மீட்டர் வரை நீளமுள்ள நான்கு கேபிள்களால் இணைத்துக் காட்டியது. இரண்டு சிப்புக்கும் குறுக்கே ஒரு கணக்கு முடிய 235 நானோநொடி, பிழை 3.5 சதவீதம். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் அந்த இணைப்பை இருபது முறை கடந்தால் விடை சரியாக இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஒரே சிப்புக்குள் நடக்கும் நல்ல கணக்குகளின் பிழை ஆயிரத்துக்குச் சில மட்டுமே. பத்து மடங்கு இடைவெளி இருக்கிறது.

சரி, நகரத்துக்கு நகரம் போகவே முடியாதா? கண்ணாடி இழை இருக்கிறதே, நாடு முழுக்க ரயில் பாதையை ஒட்டியே புதைத்து வைத்திருக்கிறார்களே என்றால், அங்கே வேறு தகராறு. இழையில் ஓடுவது 193 டெராஹெர்ட்ஸ் ஒளி. சிப் பேசுவது 5 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலை. ஏறக்குறைய நாற்பதாயிரம் மடங்கு வித்தியாசம். இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இதைப் புரியவைக்கச் சிரமமில்லை. விழுப்புரம் பாதைகள் மீட்டர் கேஜாக இருந்த காலத்தில் காட்பாடி போனால் அங்கே பிராட் கேஜ். வண்டி தொடர்ந்து ஓட முடியாது. ஆளும் சரக்கும் இறங்கி, அடுத்த வண்டியில் ஏற வேண்டும். ஆனால் காட்பாடியில் மூட்டையை இறக்கியவர்கள் எண்ணிப் பார்த்து, சரிபார்த்து, ஏற்றினார்கள். குவாண்டம் சரக்கை யாரும் எண்ணிப் பார்க்கக் கூடாது. பார்த்த கணமே அது கலைந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றையும் தொலைக்காமல், கேஜ் மாற்ற வேண்டும்.

கால்டெக் ஆய்வாளர்கள் 2020-ல் ஒரு க்யூபிட்டின் நிலையை, நானோ அளவில் அதிரும் ஒரு சிலிக்கன் உத்திரம் வழியாக ஒளியாக மாற்றிக் காட்டினார்கள். முதல் வெற்றி என்ற வகையில் பெரிய சாதனை. மாற்றத்தின் விகிதம் லட்சத்தில் ஒன்று. அதே கருவியை விழுப்புரத்தில் ஒன்றும் திண்டிவனத்தில் ஒன்றுமாக வைப்பதாக ஒரு கணக்குப் போடலாம். நுண்ணலை ஒளியாக லட்சத்தில் ஒன்று. இழையில் 37 கிலோமீட்டரைக் கடந்து உயிரோடு சேர்வது நூற்றுக்கு 18. மறுமுனையில் ஒளி மீண்டும் நுண்ணலையாக லட்சத்தில் ஒன்று. பெருக்கினால் ஒரு வெற்றிக்கு 5,500 கோடி முயற்சி. நொடிக்கு லட்சம் முறை அனுப்பினாலும் ஒன்று போய்ச்சேர ஆறு நாளுக்கு மேல் ஆகும். க்யூபிட் தன் நிலையைத் தாங்கும் நேரமோ பொதுவாகச் சில நூறு மைக்ரோநொடி. 2025-ல் பிரின்ஸ்டன் குழு அதை ஒரு மில்லிநொடிக்கு மேல் நீட்டியதே தலைப்புச் செய்தி.

கருவிகள் முன்னேறிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆஸ்திரியாவில் யோஹானஸ் ஃபிங்க் குழு 2023-ல் நுண்ணலையையும் ஒளியையும் நேரடியாகப் பின்னிக் காட்டியது. நிலையை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை என்பதுதான் இதில் பெரிய விஷயம். முதலில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு பின்னலை மட்டும் உண்டாக்க வேண்டும். தோற்றால் எந்தத் தகவலும் போகாது, மறுபடி முயலலாம். பின்னல் அமைந்த பிறகு, ஒரு முனையில் அளந்து, கிடைத்த இரண்டு சாதாரண பிட்டுகளைத் தொலைபேசியில் சொன்னால்கூட, மறுமுனையில் அந்த நிலை எழுந்து நிற்கும். 1993-ல் பென்னட்டும் கூட்டாளிகளும் வகுத்த தொலைநகர்த்தல் இதுதான். கணக்குகளையும் இப்படி நடத்தலாம். ஆக்ஸ்போர்டில் 2 மீட்டர் தள்ளி இருந்த, அயனிகளையே க்யூபிட்டாக வைத்த இரண்டு பொறிகளுக்கு நடுவே, ஒளியிழை வழியாக, ஒரு முழு அல்காரிதத்தையே 2025-ல் ஓட்டிவிட்டார்கள். அயனிகள் இயல்பாகவே ஒளியில் பேசுகிறவை. கேஜ் மாற்றும் தொல்லை அவற்றுக்கு இல்லை.

நம் நாட்டில்? மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். விஜய் 2012 முதல் மீக்கடத்திச் சுற்றுகளுக்கென்று ஓர் ஆய்வகத்தை வளர்த்துவருகிறார். நோபல் வென்ற தெவோரேயிடம் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். வளைய வடிவ ஒத்ததிர்வி ஒன்றின் வழியாகப் பல க்யூபிட்டுகளைப் பிணைக்கும் வடிவமைப்பு அங்கே உருவானது. அந்த வடிவமைப்பில் அங்கேயே வார்த்த 6 க்யூபிட் சிப்பை, புனேயிலுள்ள டிஆர்டிஓ ஆய்வகமும் டிசிஎஸ் நிறுவனமும் சேர்ந்து முழுக் கணினியாக்கி ஓட்டிய செய்தி 2024 ஆகஸ்டில் வந்தது. பெங்களூரின் க்யூபிஐஏஐ நிறுவனம் 2025 ஏப்ரலில் 25 க்யூபிட் கணினியை அறிவித்தது. அமராவதியில் ஐபிஎம்மின் 156 க்யூபிட் ஹெரான் கணினியை நிறுவும் திட்டமும் அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டது. எல்லாமே ஒற்றைச் சிப்புகளின் கதை.

மத்திய அரசு 2023 ஏப்ரலில் ஒப்புதல் தந்த தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,003.65 கோடி ரூபாய். எட்டு ஆண்டில் 50 முதல் 1,000 க்யூபிட் வரை எட்டுவது இலக்கு. கணினிக்கான மையம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில். தகவல் தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியில். நுண்ணலையை ஒளியாக மாற்றும் கருவியோ இந்த இரண்டு துறைக்கும் சரிநடுவில் கிடக்கிறது. கணினிக்காரர் அதைத் தொடர்புத் துறை வேலை என்று நினைக்கலாம், தொடர்புக்காரர் கணினித் துறை வேலை என்று நினைக்கலாம். என் கருத்து இது: ஆயிரம் க்யூபிட்டை ஒரே சிப்பில் வார்க்கும் ஆலை நமக்கு அமையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐம்பது, நூறு க்யூபிட் கொண்ட நல்ல சிப்புகளைச் செய்யும் திறமை நம் கைக்கு வந்துகொண்டிருக்கிறது. அவற்றை இணைக்கும் கலைக்கு வேண்டியவை துல்லியமான கடைசல் வேலை, வெற்றிடக் குழாய் வேலை, நுண்ணலை மின்னணுவியல், பொறுமை. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இவற்றில் எதுவும் அந்நியமானதல்ல. இந்த இணைப்புக்கென்று தனி நிதியும் தனிப் பொறுப்பும் இயக்கத்துக்குள் ஒதுக்க வேண்டும்.

இனி இத்தனை க்யூபிட் என்று ஓர் அறிவிப்பு வரும்போது வாசகர்கள் கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: இரண்டு சிப்புகளுக்கு நடுவே பிழை எத்தனை சதவீதம்?